கிளீனர் சீட்டில் ஏறும் நாய்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைவிடப்பட்ட வளர்ப்பு நாய்களைத் தத்துக் கொடுக்கும் முகாம் பற்றிச் சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. கூடவே ஒரு படம். டி.என். 52 என்று தொடங்கும் நம்பர் போட்ட லாரி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டும் ஒரு லாப்ரடார், பக்கத்தில் சிரித்தபடி டிரைவர். கீழே ‘கருணை உள்ளம் கொண்ட லாரி ஓட்டுநர்’ என்று ஒரு வரி. அந்த நாய் எங்கே போகிறது, யார் அனுப்புகிறார்கள், லாரிக்குள் எப்படி வந்தது என்று ஒரு விவரமும் இல்லை. புதன்கிழமை வாசகர் ஒருவர் அதற்குக் கோபமாகக் கடிதம் எழுதியிருந்தார். லாரிக்காரர்கள் சாலையைப் பார்த்து ஓட்டினால் போதாதா, நாயோடு கொஞ்சிக்கொண்டு போய் விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டிருந்தார். செய்திக்கும் கடிதத்துக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மாதவரத்தில் லாரி புக்கிங் ஆபிஸ் வைத்திருப்பவன். அதற்கு முன் பிராட்வே பக்கம் இருந்தோம். இப்போது கணக்கு வழக்கெல்லாம் மகன் கையில். காலையில் போய் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வருகிற டிரைவர்களோடு பேசிக்கொண்டிருப்பதோடு என் வேலை சரி. வெளியாட்களுக்கு எங்கள் தொழில் அவ்வளவாகத் தெரியாது என்பதால் சொல்கிறேன். நாமக்கல்லில் இருந்து முட்டை, சேலத்தில் இருந்து ஜவ்வரிசி, ஈரோட்டில் இருந்து துணி, பொள்ளாச்சியில் இருந்து தேங்காய் என்று சென்னைக்கு லோடு கொண்டு வருகிற வண்டி காலியாக ஊர் திரும்பக் கூடாது. அப்படித் திரும்பினால் டீசல் காசும் டோல்கேட் காசும் முதலாளி தலையில் விழும். துறைமுகத்தில் இறங்கிய சரக்கு, மணலி உரம், இரும்பு என்று ஏதாவது ஒரு ரிட்டன் லோடு பிடித்துக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு.

வண்டியின் பின்பக்கம் முழு லோடு ஏறினாலும் கேபினில் ஓர் இடம் காலியாகவே கிடக்கிறது. அது கிளீனர் சீட். முன்பெல்லாம் கிளீனர் இல்லாமல் ஒரு லாரி கிளம்பாது. இப்போது அந்த வேலைக்குப் பையன்கள் வருவதில்லை, வந்தாலும் இரண்டு பேருக்குப் பேட்டா கொடுக்க முதலாளிக்குக் கட்டுப்படியாவதில்லை. டிரைவர் தனியாகத்தான் கோயம்புத்தூர் வரை ஓட்டுகிறார். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப் போவதெல்லாம் அந்தக் காலி சீட்டைப் பற்றித்தான்.

வீடு எனக்குக் கொளத்தூரில். எதிர் வீட்டுப் பெண் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தெருவில் விடப்பட்ட வளர்ப்பு நாய்களைக் கொண்டுவந்து, வைத்தியம் பார்த்து, வேறு வீடு கிடைக்கும்வரை வைத்திருப்பாள். அவர்கள் வட்டாரத்தில் இதை ஃபாஸ்டர் என்கிறார்கள். இப்படிச் செய்கிறவர்கள் நகரம் முழுக்க இருக்கிறார்கள். கேப்டன் சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ் என்ற பிராணிகள் நல அமைப்பு இருக்கிற ஊர் இது, அந்தப் பழக்கம் இங்கே புதிதல்ல. அவள் கஷ்டம் என்னவென்றால், சென்னையில் பெரிய நாய்க்கு வீடு கிடைப்பதில்லை. அபார்ட்மெண்ட் சங்கம் ஒத்துக்கொள்ளாது. வாடகை வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டாலும் பால்கனியைத் தவிர நாய்க்குப் போக்கிடம் இருக்காது. ஆத்தூர், பெருந்துறை, திண்டுக்கல் பக்கமெல்லாம் தோட்டமும் ஆட்களும் உள்ள வீடுகளில் கேட்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் படத்தைப் பார்த்துவிட்டு, ‘எங்களுக்குக் கொடுங்கள்’ என்று போன் மேல் போன். ஆனால் எப்படிக் கொண்டுபோவது?

ரயிலில் போகலாம். ஏசி முதல் வகுப்பில் கூபே எனப்படும் தனி அறையை மொத்தமாக எடுத்தால் நாயைக் கூட வைத்துக்கொண்டு பயணம் செய்யலாம். இல்லையென்றால் கார்டு வண்டியில் இருக்கும் நாய்ப்பெட்டி. ஏற்கெனவே ஒரு தடவை அநாதையாக விடப்பட்ட நாயை அந்த இருட்டுப் பெட்டியில் ராத்திரி முழுக்கத் தனியாக அடைத்து வைப்பதை நினைத்தாலே அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிடும். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். டாக்ஸி என்றால் போக வர இரண்டு வழிக்கும் வாடகை. சம்பளத்தில் பாதியை நாய் மருந்துக்கே செலவழிக்கிறவள் அதற்கு எங்கே போவாள்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அப்போது முடிச்சூர் பக்கம் ஒரு மொட்டை மாடியில் நாயொன்றைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டைக் காலி செய்து போய்விட்டார்கள். கறுப்பு லாப்ரடார் கலப்பு, வயதான உருப்படி, பின்னங்காலில் வாதம். வெள்ளம் வடிந்தும் யாரும் தேடி வரவில்லை. அது எதிர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கருப்பன் என்று பெயர் வைத்தாள். ஆத்தூருக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி ஒருவர், வயதான நாயாக இருந்தாலும் பரவாயில்லை, நாங்களும் வயதானவர்கள்தானே என்று கேட்டிருந்தார்கள். “அங்கிள், உங்க லாரி ஏதாவது அந்தப் பக்கம் போகுமா?” என்று அவள் என்னிடம் கேட்டாள். அந்தப் பக்கம் எங்கள் லாரி போகாத நாள் எது?

அன்று வண்டியோடு நின்றவர் சங்ககிரிக்காரர், வீட்டில் இரண்டு நாய் வளர்ப்பவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, “ஏனுங்ண்ணா, இதுக்கு ஈ-வே பில் போடணுங்களா?” என்றுதான். லாரியில் போகிற சரக்குக்குப் போடும் ஜி.எஸ்.டி. சீட்டு அது. ஆபிஸே சிரித்தது. ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கையில் காகிதம் இல்லாமல் எதையும் ஏற்றாதே என்று பழக்கப்பட்ட ஆள் அவர். என் மகன் உடனே எல்.ஆர். எனப்படும் சரக்கு ரசீதுப் புத்தகத்தை எடுத்து, அனுப்புநர், பெறுநர் எல்லாம் எழுதி, சரக்கு என்ற இடத்தில் ‘நாய் - 1’ என்று போட்டான். மதிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் கோடு போட்டுவிட்டான். அந்த விளையாட்டுக் காகிதம்தான் பிறகு எங்களுக்கு உபயோகமான படிவமாக மாறியது. இப்போது மூன்று பிரதி எழுதுகிறோம். அனுப்புகிறவருக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று, வாங்கிக்கொள்கிறவருக்கு ஒன்று. நாயின் வயது, போட்ட ஊசிகள், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், கடிக்குமா, எதற்குப் பயப்படும் என்று கட்டங்கள் இருக்கின்றன. பயத்துக்கான கட்டம் டிரைவர்கள் சொல்லிச் சேர்த்தது. ஹெல்மெட் போட்ட ஆளைக் கண்டால் மிரளும் நாய்கள் நிறைய உண்டாம். பைக்கில் வந்து இறக்கிவிட்டுப் போனவனை அவை மறப்பதில்லை போலும்.

விபத்து பற்றிக் கேட்ட வாசகருக்கு நாங்கள் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். ஒரு வண்டியில் ஒரு பிராணிதான். முதலாளி சம்மதம் இல்லாமல் ஏற்றுவதில்லை. கேஸ் டேங்கர், பெட்ரோல் டேங்கர் டிரைவர்கள் ஆசைப்பட்டுக் கேட்டாலும் கிடையாது. நாயின் கழுத்துப் பட்டையில் கயிறு கட்டக் கூடாது, வண்டி பிரேக் அடித்தால் கழுத்து நெரிந்துவிடும். மார்பைச் சுற்றிப் போடும் பட்டையில் கட்டி, கயிற்றின் மறுமுனையைச் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியில் முடிந்துவிடுவோம். பிரேக் பெடல் பக்கம் அது எட்ட முடியாத அளவுக்குத்தான் கயிற்றின் நீளம் இருக்கும். ஃபாஸ்டர் வீட்டில் அது படுத்துப் பழகிய பழைய போர்வையை, துவைக்காமல், அப்படியே கிளீனர் சீட்டில் விரிப்போம். டிரைவர்கள் முதலில் மூக்கைச் சுளித்தார்கள், சுளித்தாலும் நாய் அந்த வாசனையில்தான் அடங்கிப் படுக்கிறது.

கிளம்புவது எப்போதும் இரவில். மாதவரத்தில் இருந்து வெளிவட்டச் சாலையைப் பிடித்து வண்டலூர் வந்து, பரனூர் டோல்கேட் தாண்டினால் ஓட்டம் சீராகிவிடும். விக்கிரவாண்டியில் ஒரு டீ, நாய்க்குத் தண்ணீர், ஒரு நடை. உளுந்தூர்பேட்டையில் சேலம் ரோட்டுக்குத் திரும்பினால் கள்ளக்குறிச்சி தாண்டி விடிகிற நேரத்துக்கு ஆத்தூர். கருப்பன் விக்கிரவாண்டிவரை நின்றுகொண்டே வந்ததாம். அப்புறம் கியர் ராடு பக்கம் தலையை வைத்துத் தூங்கிவிட்டதாம். டிரைவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் குறட்டைச் சத்தம் கேட்டது. நாயுடையது என்றுதான் அவர் சொன்னார்.

வெயில்தான் எங்களுக்குப் பெரிய பயம். நாய்க்கு மனிதர்களைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பக், பெர்ஷியன் பூனை மாதிரி சப்பை மூக்கு ஜாதிகளுக்கு அதுவும் சரியாக வராது. பகலில் நிறுத்திய லாரியின் கேபினுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு டிரைவர் சாப்பிடப் போனால், அவர் திரும்பி வருவதற்குள் நாய் செத்துவிடும். அதனால் சித்திரை, வைகாசியில் சப்பை மூக்குக்காரர்களை நாங்கள் அனுப்புவதே இல்லை. இப்போது தயாராகும் புது லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. மனிதர்களுக்காகப் போட்ட விதி, அதுவும் எவ்வளவோ தாமதம். ஆனாலும் அந்த வண்டிகள் பழகப் பழக எங்கள் ‘பயணிகளுக்கும்’ லாபம்தான். பழைய வண்டிகளோ இன்னும் பல வருடம் ஓடும்.

பூனை வேறு கதை. அதைக் கயிற்றில் கட்டி உட்கார வைக்க முடியாது. மூடி போட்ட, காற்றோட்டமுள்ள கூடைக்குள் மட்டும்தான். ஒசூர்க்காரர் ஒருவர் பாவம் பார்த்து ஸ்ரீபெரும்புதூர் அருகே கூடையைத் திறந்துவிட்டார். பூனை டேஷ்போர்டுக்கு அடியில், வயர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. வண்டியை ஓரம் கட்டி, கருவாட்டுக் கடை தேடிப் போய், ஒரு வழியாக அதை வெளியே எடுக்கும்போது மெக்கானிக்கும் ஒருவர் வந்திருந்தார். இப்போது கூடையின் மேல் ‘திறக்காதே’ என்று சிவப்பு மையில் எழுதுகிறோம்.

டிரைவர்கள் எதற்காக இதைச் செய்கிறார்கள்? கருணை என்று நீங்கள் போட்டீர்கள். கருணை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களோடு உட்கார்ந்து பேசிப் பார்த்தால், துணை என்றுதான் சொல்கிறார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் பேச ஆளில்லாத கேபினில் கண் அசரும். பக்கத்தில் ஒரு உயிர் அசைந்துகொண்டே இருந்தால், அடுத்து எங்கே தண்ணீர் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு இருந்தால், தூக்கம் தள்ளிப்போகிறதாம். ரோட்டோரம் வண்டியைப் போட்டுக் கண்ணயரும்போது டீசல் திருடர்களும் தார்ப்பாயைக் கிழிக்கிறவர்களும் கிட்டே வருவதில்லை. அதற்கு வாதம் பிடித்த நாயின் குரல்கூடப் போதும். நாய் இருப்பதால் வண்டி நிறுத்தி இறங்குகிறார்கள், நாலு எட்டு நடக்கிறார்கள். டாக்டர் சொன்னால் கேட்க மாட்டார்கள், நாய்க்காக நடக்கிறார்கள். அந்த வாசகர் பயப்படுகிற விபத்து பெரும்பாலும் தூக்கக் கலக்கத்தில் நடப்பது. நாய் ஏறிய வண்டியில் அது குறையும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆய்வு ஒன்றும் கையில் இல்லை, தொழிலில் ஊறியவன் கணிப்பு.

இது நாங்கள் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. அமெரிக்காவில் 2005-ல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது, செல்லப் பிராணிகளை விட்டுவிட்டு வர மறுத்து வீட்டிலேயே தங்கியவர்கள் ஏராளம். பிராணிகளும் ஏராளமாக அநாதையாயின. அந்த வருடம்தான் டெக்ஸாஸைச் சேர்ந்த ஒரு பெண் லாரி டிரைவர் ‘ஆபரேஷன் ரோஜர்’ என்று தொடங்கினார். சரக்கு ஏற்றிக்கொண்டு எப்படியும் போகிற டிரைவர்கள், போகிற வழியிலேயே, கூலி வாங்காமல் கேபினில் ஒரு பிராணியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். வண்டி வழி மாறாது. இடையில் தங்க வைக்கச் சில வீடுகள், லாரி நிற்கும் இடத்தில் இருந்து வீடு வரை கொண்டுபோகக் கார் வைத்திருக்கும் சிலர் என்று ஒரு சங்கிலி. அங்கே தெற்கு மாநிலக் காப்பகங்களில் நாய் நிரம்பி வழியும், வடக்கே நாய் கேட்டுக் காத்திருப்பார்கள். நமக்குச் சென்னையும் ஆத்தூரும் மாதிரிதான். 2006-ல் அந்த நாட்டு அரசு, பேரிடர்த் திட்டம் போடும்போது வளர்ப்புப் பிராணிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்தது. நம் ஊரில் 2015 வெள்ளத்திலும் பார்த்தோம், 2023-லும் பார்த்தோம். படகில் ஏறச் சொன்னால் நாயையும் ஏற்றினால்தான் வருவேன் என்று அடம் பிடித்தவர்களைத் திட்டினோமே ஒழிய, வேறொன்றும் செய்யவில்லை.

சட்டம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரோட்டில் அதுதான் கேட்கப்படுகிறது. 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளில் நாய், பூனைக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. பயணத்துக்குத் தகுதியான உடல்நிலை, வெறிநோய் இல்லை என்று கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். நீண்ட பயணம் என்றால் கிளம்புவதற்கு ரெண்டு மணி நேரம் முன்பே சாப்பாடும் தண்ணீரும் கொடுத்துவிட வேண்டும். வழியில் கோடைக்காலத்தில் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, குளிர்காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர். நிறைசினையாக இருப்பதை ஏற்றக் கூடாது. எழுதியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள், நாங்கள் அப்படியே எடுத்து லாரி ஷெட் சுவரில் ஒட்டியிருக்கிறோம். இன்னொரு சட்டம் இருக்கிறது, 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம். வளர்த்த பிராணியைப் பட்டினியில் துடிக்கும்படி கைவிடுவது அதன்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? குறைந்தது 10 ரூபாய், கூடிப்போனால் 50 ரூபாய். நாயைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிற வழியில் டோல்கேட்டில் கொடுப்பது அதைவிட அதிகம்.

காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சம்பவம். ஒரு சோதனைச் சாவடியில், பெயர் வேண்டாம், எங்கள் டிரைவர் ஒருவரை ராத்திரி இறக்கி உட்கார வைத்துவிட்டார்கள். கேபினில் இருந்தது ஹஸ்கி. அவ்வளவு விலை உயர்ந்த நாய் லாரி டிரைவரிடம் எப்படி வந்தது, திருட்டு நாய்தானே என்று கேட்டார்கள். சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது, ஜாதி நாய்த் திருட்டு நடக்கத்தான் செய்கிறது. மருத்துவர் சான்றும் எங்கள் படிவமும் கையில் இருந்ததாலும், அந்தப் பெண் நள்ளிரவில் போனை எடுத்ததாலும் விட்டார்கள். ஆனால் லோடு தாமதமாகப் போய்ச் சேர்ந்ததற்குப் பிடித்த பணம் டிரைவர் கணக்கில்தான் எழுதப்பட்டது. அவர் மறுபடியும் நாய் ஏற்றுகிறார். எனக்குத்தான் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பணம் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது என்பது என் கட்சி. இரவுச் சாப்பாட்டுக்கு ஏதாவது கட்டிக் கொடுக்கிறோம், அதோடு நிறுத்திக்கொள்கிறோம். நாய்க்கு இவ்வளவு வாடகை என்று ரேட் வந்துவிட்டால், மறுநாளே குட்டி வியாபாரிகள் க்யூவில் நிற்பார்கள். ஆம்னி பஸ்ஸின் சாமான் அறையில் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, தாயிடம் பால் குடிக்கும் வயசுக் குட்டிகளை அனுப்புவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெட்டியை இறக்கும்போது எத்தனை உயிரோடு இருக்கும் என்பது அந்த வியாபாரத்தில் ஒரு கணக்கு. எங்கள் டிரைவர்கள் அதற்கு வண்டியோட்ட வேண்டாம். ஊசி முடியாத குட்டிகளை நாங்கள் ஏற்றாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பார்வோ என்று ஒரு ரத்தக் கழிச்சல் நோய், கிருமி விரிப்பிலும் தரையிலும் மாதக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும். ஒரு குட்டியை ஏற்றினால் அடுத்து அதே சீட்டில் ஏறும் குட்டிக்கும் வரும்.

தெருநாய்களையும் இப்படியே ஊரைவிட்டுக் கொண்டுபோய்விடுங்களேன் என்று என்னிடமே நேரில் கேட்டவர்கள் உண்டு. 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள்படி, கருத்தடை செய்து ஊசி போட்ட தெருநாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அந்தச் சண்டை உச்ச நீதிமன்றம்வரை போய்விட்டது, நான் அதற்குள் வரவில்லை. நாங்கள் கொண்டுபோவது ஒரு வீட்டில் வளர்ந்து, அந்த வீட்டை இழந்து, இன்னொரு வீட்டில் ஆள் காத்திருக்கும் பிராணியை மட்டுமே.

அந்த ஆள் காத்திருக்க வேண்டும், அதுதான் பிரச்சினை. தத்து எடுக்கிறவர்களில் சிலர், பார்சல் சர்வீஸ் மாதிரி வாசலில் வந்து இறக்குவார்கள் என்று எதிர்பார்க்கிறார்கள். பகலில் கனரக வண்டி எந்த ஊருக்குள் நுழைய முடியும்? பைபாஸுக்கு அவர்கள்தான் வர வேண்டும். சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸில் ஒருவர், குளித்துச் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் புது நாயை வாங்குவேன் என்று டிரைவரை வெயில் ஏறும்வரை நிற்க வைத்தார். பக்தி நல்லதுதான், முதல் நாளே குளித்திருக்கலாம். கொண்டுபோன நாய் ஒத்துவராமல் திரும்பி வந்ததும் உண்டு. ஏற்கெனவே இருந்த நாயோடு சண்டை, அல்லது வீட்டுப் பெரியவருக்குப் பிடிக்கவில்லை. அப்படியானால் தெருவில் விடாமல் எங்களுக்குச் சொல்ல வேண்டும், அதே ரோட்டில் வேறு வண்டி வந்து அழைத்துவரும் என்று படிவத்தின் கடைசி வரியில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம்.

இதற்காக அரசாங்கத்திடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. மருத்துவர் சான்று வாங்க வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கோ வேறு ஆஸ்பத்திரிக்கோ பகலில் போக வேண்டியிருக்கிறது. வண்டி எப்போது லோடாகும் என்பது சாயங்காலம்தான் தெரியும். மாதவரம் லாரி நிலையத்திலேயே வாரத்தில் சில மாலைகள் ஒரு கால்நடை மருத்துவர் வந்து உட்கார்ந்தால் போதும். அங்கேயே ஒரு ஓரத்தில் நிழலும் தண்ணீர்க் குழாயும் உள்ள சின்ன அடைப்பு ஒன்று இருந்தால், வண்டி கிளம்பும்வரை நாயை என் ஆபிஸ் மேஜைக் காலில் கட்டி வைக்க வேண்டியதில்லை. மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று அறிவித்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. நாய் கை மாறி வேறு ஊருக்குப் போகும்போது அந்தப் பதிவையும் சுலபமாகப் புது ஆள் பெயருக்கு மாற்ற ஒரு வழி வைத்தால், சாவடியில் எங்கள் டிரைவர் ராத்திரி உட்கார வேண்டியிருக்காது. லாரி உரிமையாளர் சங்கங்கள், இப்படி ஒரு பிராணியைக் கேபினில் கொண்டுபோவதில் ஆட்சேபம் இல்லை என்று ஒரே ஒரு சுற்றறிக்கை விடலாம். பல முதலாளிகளுக்கு மனம் இருக்கிறது, இன்ஷூரன்ஸில் சிக்கல் வருமோ என்று தயங்குகிறார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டியதும் சங்கம்தான், தனியாக ஒரு முதலாளி கேட்டால் போனையே வைத்துவிடுவார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை டிரைவர் படம் போட்டால், அவர் எந்த ரோட்டில் எந்தக் கிழமைகளில் ஓட்டுகிறார் என்று கேட்டுப் போடுங்கள். திருச்சி, மதுரை ரோட்டில் எங்களுக்கு ஆள் போதவில்லை. அந்தப் பக்கம் வண்டி வைத்திருக்கிறவர்கள் படித்துவிட்டு வந்தால் உபயோகமாக இருக்கும். மாதவரத்தில் எந்த ஷெட்டில் கேட்டாலும் நாய் அனுப்பும் ஆபிஸ் எது என்று கைகாட்டுவார்கள்.

என் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் தயவுசெய்து வெளியிட வேண்டாம். முன்பு யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் நம்பரைப் போட்டுவிட்டார். உதவி செய்ய முன்வந்து அழைத்தவர்களைவிட, ‘வீடு மாறுகிறோம், எங்கள் நாயை எப்போது வந்து எடுத்துக்கொள்வீர்கள்?’ என்று அழைத்தவர்கள்தான் அதிகம். அவர்களுக்கெல்லாம் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். சாமான் ஏற்றப் பேசியிருக்கும் லாரியில் கேபின் இருக்கிறது. நாயையும் அதில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
ஒரு லாரி புக்கிங் ஆபிஸ்காரன்,
மாதவரம், சென்னை.